காலை எட்டு மணி நெரிசல்: மேகத்தில் ஓடும் செயலியின் கோரிக்கை எல்லையையும் தாமதத்தையும் கையாள்வது எப்படி?

ஒரு மருத்துவமனைக்கு டோக்கன் முன்பதிவுச் செயலி எழுதியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் டோக்கன் தினமும் காலை 8 மணிக்குத் திறக்கும். 7.55 வரை நிமிடத்துக்குப் பத்துப் பேர் வந்துபோவார்கள். 8.00 ஆனதும் நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்துகிறார்கள். 8.01க்கு எல்லோர் திரையிலும் வட்டம் சுற்றுகிறது. 8.03க்கு 502, 504 என்று பிழைகள் (பின்னால் இருக்கும் சர்வரிடமிருந்து சரியான பதில் வரவில்லை, அல்லது நேரத்துக்குள் வரவில்லை என்று சொல்லும் எண்கள்) வரத் தொடங்குகின்றன. நாள் முழுதும் ஒழுங்காக ஓடும் அதே நிரல்தான் இந்த மூன்று நிமிடத்தில் விழுகிறது.

இந்த வழிகாட்டி அந்த மூன்று நிமிடத்துக்கானது. மேகம் என்பது இணையம் வழியே வாடகைக்குக் கிடைக்கும் சர்வர்கள். கூகுள் கிளவுட் ரன்னில் (கூட்டத்துக்கேற்பச் செயலியின் பிரதிகளைத் தானே கூட்டிக் குறைக்கும் சேவை) செயலி, பின்னால் ஒரு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் என்ற அமைப்பை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். நீங்கள் அதைப் போன்ற அமேசான் லாம்டாவிலோ சாதாரண மெய்நிகர் சர்வரிலோ இருந்தால் எண்கள் வேறாக இருக்கும், கணக்கு இதேதான்.

படி 1: ஒரு பெருக்கலைப் புரிந்துகொள்ளுங்கள்

எந்த நொடியிலும் உங்கள் செயலிக்குள் எத்தனை கோரிக்கைகள் இருக்கும்? நொடிக்கு வரும் கோரிக்கைகளின் எண்ணிக்கையை, ஒவ்வொன்றும் எடுக்கும் நொடிகளால் பெருக்கினால் விடை வந்துவிடும். ஜான் லிட்டில் 1961இல் நிரூபித்த விதி இது.

நொடிக்கு 100 கோரிக்கை, ஒவ்வொன்றுக்கும் 0.2 நொடி என்றால் உள்ளே இருப்பவை 20. டேட்டாபேஸ் மந்தமாகி அதே கோரிக்கை 2 நொடி எடுத்தால் உள்ளே 200. கூடுதலாக ஒருவர்கூட வரவில்லை, ஆனால் கூட்டம் பத்து மடங்காகிவிட்டது. இணைப்புகள், நினைவகம், த்ரெட் (நிரலுக்குள் ஒரு நேரத்தில் ஒரு வேலையைச் செய்யும் இழை) எல்லாவற்றின் எல்லையையும் மோதுவது இந்த 200தான். ஆகவே எல்லையும் தாமதமும் தனித்தனிப் பிரச்சினைகள் என்று பிரித்துப் பார்க்காதீர்கள். தாமதம் கூடினால் எல்லை தானாகவே நெருங்கிவரும்.

இன்னொரு கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு வேலைக்குச் சராசரியாக 50 மில்லி நொடி ஆகும் ஒற்றைக் கவுண்டர் ஒன்று இருக்கிறது, ஆட்கள் ஒழுங்கின்றி வருகிறார்கள் என்று எளிய வரிசைக் கோட்பாட்டின்படி கணக்கிடுங்கள். கவுண்டர் பாதி நேரம் வேலையாக இருந்தால், காத்திருப்பும் சேர்த்து ஒருவருக்கு 100 மில்லி நொடி ஆகும். 80 சதவீதம் வேலையாக இருந்தால் 250. 90 சதவீதத்தில் 500. 95 சதவீதத்தில் ஒரு முழு நொடி. 80இலிருந்து 95க்குப் போவது பார்வைக்குச் சிறிய ஏற்றம், காத்திருப்பில் நான்கு மடங்கு. மையச்செயலிப் பயன்பாடு 90 சதவீதம் இருப்பதைச் சிக்கனம் என்று எண்ணி மகிழ வேண்டாம். உச்ச நேரத்தில் 60 முதல் 70 சதவீதத்துக்குள் நிற்கும்படி திட்டமிடுங்கள்.

படி 2: அளந்துவிட்டுக் கை வையுங்கள்

சராசரியை நம்பாதீர்கள். 100 கோரிக்கைகளில் 98க்குத் தலா 100 மில்லி நொடி, மீதி 2க்குத் தலா 5 நொடி ஆகிறது என்றால் சராசரி 198 மில்லி நொடி. அறிக்கையில் அழகாகத் தெரியும், ஆனால் இரண்டு நோயாளிகள் திரையை வெறித்துக்கொண்டிருப்பார்கள். அதனால் பி50, பி95, பி99 என்ற மூன்றையும் பாருங்கள். பி99 என்பது நூற்றில் 99 கோரிக்கைகள் எந்த நேரத்துக்குள் முடிந்தன என்பதைச் சொல்லும் எண். ஒரு பக்கம் திறக்க 10 ஏபிஐ அழைப்புகள் (சர்வரிடம் தரவு கேட்கும் அழைப்புகள்) தேவை, அவை ஒவ்வொன்றும் நூற்றில் ஒருமுறை மந்தமாகிறது என்றால், கிட்டத்தட்ட பத்தில் ஒருவர் மந்தத்தைச் சந்திப்பார். 20 அழைப்புகள் என்றால் ஏறத்தாழ 18 சதவீதம் பேர்.

அடுத்து, நேரம் எங்கே போகிறது என்று பிரித்துப் பாருங்கள். கட்டளை வரியிலிருந்து கோரிக்கை அனுப்பும் கர்ல் கருவியின் எழுதும் விருப்பத்தைப் பயன்படுத்தினால் பெயர்த் தேடல், டிசிபி இணைப்பு, டிஎல்எஸ் கைகுலுக்கல் (மறையாக்கத்துக்கான ஒப்பந்தம்), முதல் பைட், மொத்தம் என்று ஐந்து நேரங்கள் கிடைக்கும். இவை தொடக்கத்திலிருந்து கூட்டிக்கொண்டே வரும் எண்கள், ஆகவே ஒன்றிலிருந்து முந்தையதைக் கழித்துத்தான் படிக்க வேண்டும். டிஎல்எஸ் முடிய 600 மில்லி நொடி, முதல் பைட் வர 680 என்றால் உங்கள் நிரல் எடுத்தது 80க்குள்தான், கோளாறு அதற்கு முன்பே, பெயர்த் தேடலிலோ இணைப்பிலோ இருக்கிறது. டிஎல்எஸ் முடிய 60, முதல் பைட் வர 1900 என்றால் நிரலையும் டேட்டாபேஸையும் பாருங்கள். ஐந்தாறு முறை ஓட்டிப் பார்க்க வேண்டும். முதல் முறை மட்டும் மந்தமாக இருந்தால் அது பெரும்பாலும் குளிர் தொடக்கம், அதாவது ஓடாமல் இருந்த செயலி புதிதாக எழ எடுக்கும் நேரம்.

சர்வர் பதிவில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு வரி எழுதுங்கள்: கோரிக்கையின் அடையாள எண், மொத்த நேரம், டேட்டாபேஸில் போன நேரம், வெளிச் சேவைகளில் போன நேரம், டேட்டாபேஸ் இணைப்புக்காகக் காத்திருந்த நேரம். இந்தக் கடைசி எண்ணைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். வினவல் (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) 5 மில்லி நொடியில் முடிகிறது, பக்கம் மட்டும் 3 நொடி ஆகிறது என்ற புதிருக்கு விடை அநேகமாக அங்கேதான் இருக்கும்.

படி 3: தூரத்தைக் குறையுங்கள்

கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். அதாவது 100 கிலோமீட்டர் போய்த் திரும்ப ஒரு மில்லி நொடி. சென்னையிலிருந்து மும்பை நேர்கோட்டில் ஆயிரம் கிலோமீட்டர் அளவு, போய்வர குறைந்தது 10 மில்லி நொடி. அமெரிக்காவின் வர்ஜீனியா 13,000 கிலோமீட்டருக்கும் மேல். போய்வர 130க்குக் கீழே வரவே வராது, கடலடிக் கேபிள்கள் சுற்றிப் போவதால் நடைமுறையில் 200ஐத் தாண்டும். புதிதாக ஒரு எச்டிடிபிஎஸ் இணைப்பு திறக்க டிசிபிக்கு ஒரு சுற்று, டிஎல்எஸ் 1.3க்கு ஒரு சுற்று, கோரிக்கைக்கு ஒரு சுற்று என மூன்று சுற்று வேண்டும். டிஎல்எஸ் 1.2 என்றால் நான்கு. 200 மில்லி நொடிச் சுற்றில் உங்கள் நிரல் ஒரு வேலையும் செய்யாமலே 600 போய்விட்டது.

பல மேகச் சேவைகளில் கணக்குத் தொடங்கும்போது ஓர் அமெரிக்கப் பகுதியே முன்தேர்வாக இருக்கும். கவனிக்காமல் அடுத்து, அடுத்து என்று அழுத்தினால் அங்கே போய் உட்கார்ந்துவிடும். இந்தியப் பயனர்களுக்கு கூகுளில் மும்பை, டெல்லி, அமேசானில் மும்பை, ஐதராபாத் உண்டு. மைக்ரோசாஃப்ட் அசூருக்குச் சென்னையிலேயே ஒரு பகுதி இருக்கிறது. ஒவ்வொரு பகுதியிலும் எல்லாச் சேவைகளும் இருப்பதில்லை, தேர்ந்தெடுக்கும் முன் பட்டியலைப் பாருங்கள்.

இதைவிட முக்கியமானது, செயலியும் டேட்டாபேஸும் ஒரே பகுதியில் இருக்க வேண்டும் என்பது. பயனர் ஒருமுறைதான் தூரம் கடக்கிறார். நிரலோ ஒரு பக்கத்துக்கே 15 முறை டேட்டாபேஸுக்குப் போய்வரும். செயலி மும்பையிலும் டேட்டாபேஸ் சிங்கப்பூரிலும் இருந்து, ஒரு சுற்றுக்கு 60 மில்லி நொடி ஆகிறது என்றால், 15 வினவலுக்கு 900. அந்த 15ஐ 2 ஆக்குவது அடுத்த வேலை. மருத்துவர் பட்டியலை ஒரு வினவலில் எடுத்துவிட்டு, ஒவ்வொரு மருத்துவருக்கும் மீதி டோக்கனைத் தனித்தனி வினவலில் கேட்பதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் பிழை. ஓஆர்எம் நூலகங்கள் (நிரலுக்காக வினவல்களைத் தாமே எழுதுபவை) இதைக் கண்ணுக்குத் தெரியாமல் செய்துவிடும். வினவல் பதிவைத் திறந்து, ஒரு பக்கத்துக்கு எத்தனை வரி விழுகிறது என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

படி 4: ஏற்கெனவே இருக்கும் எல்லைகளை ஒரு தாளில் எழுதுங்கள்

நீங்கள் எதுவும் வைக்காவிட்டாலும் எல்லைகள் உண்டு, அவை இயல்பு மதிப்புகளாக ஒளிந்திருக்கின்றன. கிளவுட் ரன்னில் ஒரு நிகழ்வு (ஓடிக்கொண்டிருக்கும் செயலியின் ஒரு பிரதி) ஒரே நேரத்தில் ஏற்கும் கோரிக்கைகள் வழக்கமாக 80, அதை 1000 வரை உயர்த்தலாம். கோரிக்கைக்கான டைம்அவுட் (காத்திருக்கும் உச்ச நேரம்) 5 நிமிடம், 60 நிமிடம் வரை நீட்டலாம். எச்டிடிபி 1 வழியாக வரும் கோரிக்கையின் அளவு 32 எம்பிக்குள் இருக்க வேண்டும். லாம்டாவில் ஒரு கணக்குக்கு ஒரு பகுதியில் ஒரே நேரத்தில் 1000 ஓட்டங்கள் என்பது வழக்கமான எல்லை, புதிய கணக்குகளுக்கு இதைவிடக் குறைவாகவும் இருக்கும். அது அந்தக் கணக்கின் எல்லாச் செயற்கூறுகளுக்கும் (லாம்டாவில் ஓடும் தனித்தனி நிரல்களுக்கும்) பொதுவானது. இரவு அறிக்கை தயாரிக்கும் வேலை ஒன்று அதைத் தின்றுவிட்டால் முன்பதிவு நின்றுபோகும். லாம்டாவுக்கு முன்னால் கோரிக்கைகளை வாங்கி அனுப்பும் ஏபிஐ கேட்வே இருந்தால் அதன் இயல்பு டைம்அவுட் 29 நொடி. லாம்டா 15 நிமிடம் ஓட முடியும் என்று நம்பி எழுதிய நிரல் இங்கே தலையில் அடிபடும்.

செயலிக்கு முன்னால் நின்று கோரிக்கைகளை வாங்கும் என்ஜின்எக்ஸ், பின்சர்வரின் பதிலுக்கு 60 நொடி காத்திருக்கும், 1 எம்பிக்கு மேற்பட்ட உள்ளடக்கத்தை 413 என்று திருப்பி அனுப்பும். நோயாளி ஸ்கேன் படத்தைப் பதிவேற்ற முடியவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. பைத்தான் செயலிகளை ஓட்டும் கூனிகார்ன் இயல்பாக ஒரே ஒரு வொர்க்கருடன் (கோரிக்கைகளைக் கையாளும் செயல்முறை) தொடங்கும், 30 நொடி பதில் இல்லாவிட்டால் அதைக் கொன்றுவிடும். போஸ்ட்கிரெஸ் 100 இணைப்புகள் ஏற்கும், அதில் 3 நிர்வாகிக்காக ஒதுக்கப்பட்டவை. மேக டேட்டாபேஸ்களில் நினைவகத்தைப் பொறுத்து இந்த எண் மாறும் என்பதால் நேரடியாக டேட்டாபேஸிடமே கேட்டுப் பாருங்கள்.

படி 5: உள்ளிருந்து வெளியே கணக்குப் போடுங்கள்

பெரும்பாலான விபத்துகள் இங்கே நடப்பதால் நிதானமாகப் போகலாம்.

சங்கிலியில் மிகக் குறுகலான இடம் டேட்டாபேஸ். செயலி நிகழ்வுகளை மேகம் பெருக்கிக்கொண்டே போகும், டேட்டாபேஸ் ஒன்றுதான். 100 இணைப்பில் நிர்வாகிக்கு 3 போகட்டும். நீங்கள் கையால் பார்க்கவும், அட்டவணை மாற்றங்களுக்கும், பின்னணி வேலைகளுக்கும் 12 ஒதுக்குங்கள். மீதி 85. ஒவ்வொரு நிகழ்வும் 5 இணைப்பு வைத்துக்கொள்கிறது என்றால் 17 நிகழ்வுகள் வரை தாங்கும் என்று தோன்றும். அதுவும் தவறு. புதிய பதிப்பை ஏற்றும்போது பழைய நிகழ்வுகளும் புதியவையும் சிறிது நேரம் சேர்ந்தே ஓடும், இரண்டும் இணைப்புகளைப் பிடித்திருக்கும். ஆகவே பாதியாக்கி 8 என்று வையுங்கள். அதிகபட்ச நிகழ்வு 8, நிகழ்வுக்கு 5 இணைப்பு, ஆக 40, பதிப்பு மாற்றத்தின்போது 80. இந்த அமைப்பைச் செய்யாமல் அதிகபட்ச நிகழ்வை 100 என்று விட்டுவிட்டால், எட்டு மணிக்கு 500 இணைப்புகள் டேட்டாபேஸின் கதவைத் தட்டும். போஸ்ட்கிரெஸில் ஒவ்வோர் இணைப்பும் ஒரு தனிச் செயல்முறை என்பதால், இணைப்பு எல்லையை 500க்கு உயர்த்துவது தீர்வாகாது, நினைவகம் தீரும்.

அடுத்த கேள்வி: ஒரு நிகழ்வு ஒரே நேரத்தில் எத்தனை கோரிக்கை ஏற்கலாம்? 80 கோரிக்கைகள், 5 இணைப்புகள். ஒரு கோரிக்கை ஓர் இணைப்பை 20 மில்லி நொடி பிடித்திருக்கிறது என்றால், 5 இணைப்பும் சேர்ந்து நொடிக்கு 250 கோரிக்கையை முடிக்கும். மீதி 75 பேரும் 0.3 நொடிக்குள் உள்ளே போய்விடுவார்கள். அதே இணைப்பை 200 மில்லி நொடி பிடித்திருந்தால் நொடிக்கு 25தான் முடியும், கடைசியில் நிற்பவர் 3 நொடி காத்திருப்பார். 8 நிகழ்வும் சேர்ந்து நொடிக்கு 200தான் தாங்கும்.

எனவே இணைப்பு எத்தனை இருக்கிறது என்பதைவிட, ஒவ்வொன்றையும் எவ்வளவு நேரம் பிடித்துவைக்கிறோம் என்பதே பெரிது. பரிவர்த்தனையை (ஒன்றாக நடக்கும், அல்லது ஒன்றுமே நடக்காத டேட்டாபேஸ் மாற்றங்களின் தொகுப்பு) திறந்து, டோக்கனை ஒதுக்கி, எஸ்எம்எஸ் அனுப்பி, பிறகு முடிப்பது என்று எழுதியிருந்தால், எஸ்எம்எஸ் சேவை தூங்கும்போதெல்லாம் உங்கள் டேட்டாபேஸ் இணைப்பும் தூங்கும். பரிவர்த்தனைக்குள் வெளிச்சேவை அழைப்பே இருக்கக் கூடாது. டோக்கனை ஒதுக்கு, பரிவர்த்தனையை முடி, இணைப்பைத் திருப்பிக் கொடு, அப்புறம் எஸ்எம்எஸ். இந்த ஒரு மாற்றத்தால் கிடைக்கும் பலன் பெரிய சர்வர் வாங்கிக் கிடைப்பதைவிடப் பல சமயம் அதிகம்.

நிரலின் வேகத்துக்கும் கிளவுட் ரன்னின் 80க்கும் பொருத்தம் இருக்கிறதா என்றும் பாருங்கள். பைத்தானில் ஒரு வொர்க்கர், 8 த்ரெட் என்று ஓட்டினால் ஒரே நேரத்தில் 8 கோரிக்கைதான் நடக்கும், மற்ற 72ம் உள்ளே வரிசையில் நிற்கும். மேகத்தின் கண்ணுக்கு அந்த நிகழ்வு இன்னும் நிரம்பவில்லை, புதிய நிகழ்வைத் திறக்கத் தாமதிக்கும். த்ரெட் 8 என்றால் ஏற்பு எண்ணையும் (கிளவுட் ரன்னின் அந்த 80ஐ) 8 முதல் 10க்குள் வையுங்கள். ஆனால் அப்போது 8 நிகழ்வில் மொத்தம் 80 கோரிக்கைதான் உள்ளே இருக்க முடியும் என்பதைப் படி 1இன் பெருக்கலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நோட் (ஜாவாஸ்கிரிப்ட் நிரலைச் சர்வரில் ஓட்டும் சூழல்) போன்ற காத்திருப்பு வேலைக்குத் தோதான சூழல்களுக்கு 80 பொருந்தலாம்.

இவ்வளவு செய்தும் நிகழ்வுகள் போதவில்லை என்றால் நடுவில், சில டேட்டாபேஸ் இணைப்புகளைப் பலருக்குப் பகிர்ந்து தரும் பிஜிபவுன்சரைப் பரிவர்த்தனை முறையில் நிறுத்தலாம். அந்த முறையில் ஒரு பரிவர்த்தனைக்கும் அடுத்ததற்கும் வேறு வேறு இணைப்பு கிடைக்கும் என்பதால், அமர்வு முழுதும் நிலைக்க வேண்டிய அமைப்புகளும் பூட்டுகளும் வேலை செய்யாது.

படி 6: வாசலில் மறுக்கப் பழகுங்கள்

எல்லோரையும் உள்ளே விட்டு எல்லோரையும் காக்கவைப்பதைவிட, தாங்கக்கூடிய அளவை மட்டும் விட்டு மற்றவர்களிடம் உடனே சொல்லிவிடுவது பயனருக்குச் செய்யும் மரியாதை. 429 (கோரிக்கைகள் மிக அதிகம்) என்ற பதில் இதற்காகவே 2012இல் வரையறுக்கப்பட்டது. எத்தனை நொடி கழித்து வர வேண்டும் என்பதை ரிட்ரை ஆஃப்டர் தலைப்பில் சொல்லலாம். எல்லோருக்கும் 10 என்று சொல்லாதீர்கள், சரியாகப் பத்தாவது நொடியில் அதே கூட்டம் திரும்பி வரும். 5க்கும் 15க்கும் இடையில் ஆளுக்கு ஒரு எண் கொடுங்கள்.

ஒருவருக்கு எவ்வளவு என்று அளக்க டோக்கன் வாளி முறை போதும் (மருத்துவமனை டோக்கனோடு இதற்குத் தொடர்பில்லை). வாளியில் 10 வில்லை பிடிக்கும், நொடிக்கு ஒன்று விழும், ஒவ்வொரு கோரிக்கையும் ஒன்றை எடுக்கும், வாளி காலியானால் 429. நிமிடத்துக்கு 100 என்று எண்ணும் நிலையான சாளர முறை எழுத எளிது, ஆனால் 59ஆம் நொடியில் 100, அடுத்த நிமிடத்தின் முதல் நொடியில் 100 என இரண்டு நொடியில் 200 நுழைந்துவிடும்.

எண்ணிக்கையை நிகழ்வின் நினைவகத்தில் வைத்தால் 8 நிகழ்வுக்கு எல்லை 8 மடங்காகும். எல்லா நிகழ்வுகளுக்கும் பொதுவாக, நினைவகத்தில் ஓடும் தரவுக் கிடங்கான ரெடிஸில் வையுங்கள். அங்கே ஒரு பழைய பொறி இருக்கிறது: எண்ணைக் கூட்டும் கட்டளையும் காலாவதி வைக்கும் கட்டளையும் தனித்தனியாகப் போய், இடையில் நிரல் விழுந்தால், அந்த எண் அழியவே அழியாது, அந்தப் பயனர் என்றென்றைக்கும் தடுக்கப்படுவார். இரண்டையும் ஒரே லுவா ஸ்கிரிப்ட்டில் (ரெடிஸ் இடைவெட்டின்றி ஓட்டும் சிறு நிரல்) அனுப்புங்கள். ரெடிஸே விழுந்தால் என்ன செய்வது என்பதையும் இப்போதே தீர்மானியுங்கள். மருத்துவர் பட்டியலைப் பார்ப்பவரை விட்டுவிடலாம். ஓடிபி கேட்பவரை நிறுத்த வேண்டும், ஒவ்வொரு எஸ்எம்எஸ்ஸுக்கும் காசு போகிறது.

யாரை ஒரு ஆள் என்று எண்ணுவது? ஐபி முகவரியை மட்டும் வைத்து எண்ணாதீர்கள். மொபைல் நிறுவனங்கள் ஒரு ஐபிவி4 முகவரிக்குப் பின்னால் ஏராளமானோரை வைத்திருக்கின்றன. மருத்துவமனை வைஃபையில் இருக்கும் எல்லோருக்கும் ஒரே முகவரிதான். உள்நுழைந்தவருக்குப் பயனர் எண், ஓடிபிக்குக் கைபேசி எண், ஐபிக்குத் தளர்வான ஓர் எல்லை என மூன்றையும் சேர்த்து வையுங்கள். ஐபிவி6இல் முழு முகவரியை எண்ணினால் பயனில்லை, ஒரே கருவி நொடிக்கு ஒன்றாக மாற்றிக்கொள்ள முடியும். முதல் 64 பிட்டை எண்ணுங்கள்.

சுமை பகிர்வான் (கோரிக்கைகளைப் பல சர்வர்களுக்குப் பிரித்து அனுப்புவது) முன்னால் இருந்தால், என்ஜின்எக்ஸுக்குத் தெரிவது அதன் முகவரிதான். திருத்தாமல் விட்டால் எல்லாப் பயனரும் ஒரே ஆளாக எண்ணப்பட்டு, எட்டு மணியின் முதல் நொடிகளிலேயே அனைவரும் தடுக்கப்படுவார்கள். கோரிக்கை கடந்துவந்த முகவரிகளைச் சொல்லும் எக்ஸ் ஃபார்வர்டட் ஃபார் தலைப்பிலிருந்து எடுக்கும்போது இடப்பக்க முதல் முகவரியை நம்பாதீர்கள், அதை யார் வேண்டுமானாலும் பொய்யாக எழுதி அனுப்பலாம். உங்கள் சொந்தச் சுமை பகிர்வான்கள் எத்தனை என்று எண்ணி, வலப்பக்கத்திலிருந்து பின்னோக்கி வாருங்கள்.

என்ஜின்எக்ஸில் நொடிக்கு 5 என்று எழுதினால் அது 200 மில்லி நொடிக்கு ஒன்று என்றே எடுத்துக்கொள்ளும். பக்கம் திறந்ததும் ஒரே நேரத்தில் 6 அழைப்பு போனால் 5 மறுக்கப்படும். அதனால் பர்ஸ்ட் அளவை (ஒரே நேரத்தில் கூடுதலாக ஏற்கும் எண்ணிக்கை) 10 என்று கொடுத்து, தாமதமின்றி விடும் விருப்பத்தையும் சேருங்கள். மறுப்புக்கு அது இயல்பாக அனுப்புவது 503 (சேவை இப்போது கிடைக்கவில்லை). அதை 429 ஆக மாற்றாவிட்டால், சர்வர் விழுந்ததா, நீங்கள் மறுத்ததா என்று பதிவைப் பார்த்துச் சொல்ல முடியாது.

ஆளுக்கு ஆள் எல்லை போக, மொத்தத்துக்கும் ஓர் எல்லை வேண்டும். எல்லோரும் நல்ல பயனர்களாகவே இருந்தாலும் எட்டு மணிக்கு ஆயிரம் பேர் வரலாம். இணைப்புக்காகக் காத்திருப்போர் ஒரு நிகழ்வில் 30ஐத் தாண்டினால் புதிதாக வருபவருக்கு உடனே 503. நலம் விசாரிக்கும் சோதனை முகவரியை மட்டும் இதிலிருந்து விலக்குங்கள். இல்லையென்றால் மேகம் அந்த நிகழ்வு செத்துவிட்டதாக எண்ணி அதைக் கொல்லும், சுமை மற்றவற்றின்மேல் விழும், அவையும் வரிசையாகச் சாயும்.

படி 7: டைம்அவுட்கள், உள்ளே போகப் போகக் குறைவாக

வெளியே இருப்பவர் உள்ளே இருப்பவரைவிட அதிகம் பொறுக்க வேண்டும். டேட்டாபேஸ் இணைப்புக்குக் காத்திருப்பு 1 நொடி, ஒரு வினவலுக்கு 2, வெளிச்சேவைக்கு 3, முழுக் கோரிக்கைக்கு 8, கிளவுட் ரன்னில் 10, உலாவியில் 15 என்று தொடங்கலாம். தலைகீழாக இருந்தால், பயனர் கைவிட்டுப் போன பிறகும் டேட்டாபேஸ் அவருக்காக உழைத்துக்கொண்டிருக்கும். கிளவுட் ரன்னில் டைம்அவுட் ஆனதும் பயனருக்கு 504 போகும், நிகழ்வு கொல்லப்படுவதில்லை, நிரல் அந்தக் கோரிக்கையில் தொடர்ந்து ஓடலாம். அதை நிறுத்துவது உங்கள் பொறுப்பு.

பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்துக்கு இயல்பு டைம்அவுட்டே கிடையாது, எழுதாவிட்டால் காலமெல்லாம் காத்திருக்கும். எழுதினாலும், அது இரண்டு பைட்டுகளுக்கு இடையிலான காத்திருப்புக்குத்தான், மொத்த நேரத்துக்கு அல்ல.

அமேசானின் சுமை பகிர்வானுக்குப் பின்னால் நோட் ஓட்டுபவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. சும்மா இருக்கும் இணைப்பைச் சுமை பகிர்வான் 60 நொடி வைத்திருக்கும், நோட் வெகுகாலமாக 5 நொடியை இயல்பாகக் கொண்டது. நோட் மூடிய அதே கணத்தில் சுமை பகிர்வான் அதன் வழியே கோரிக்கை அனுப்பினால் 502. சுமை குறைவான நேரத்தில் ஆயிரத்தில் ஒன்றாக வரும் இந்தப் பிழையைத் தேடி நாட்களைக் கழிக்கிறார்கள். நோட்டின் எண்ணை 65 நொடியாக்குங்கள்.

படி 8: மறுமுயற்சி

மூன்று அடுக்குகள் இருந்து, ஒவ்வொன்றும் மும்முறை முயன்றால், ஒரு சொடுக்கு டேட்டாபேஸை 27 முறை தாக்கும். மறுமுயற்சி ஓர் அடுக்கில் மட்டும் இருக்கட்டும், பயனருக்கு அருகில் இருப்பதே நல்லது. முதல் முறை 0 முதல் 1 நொடிக்குள், அடுத்து 0 முதல் 2க்குள், பிறகு 0 முதல் 4க்குள் என்று தற்செயலான இடைவெளி விடுங்கள். அதற்கு மேல் முயல வேண்டாம். 400, 401, 404 போன்றவற்றை மறுபடி அனுப்பிப் பயனில்லை.

முன்பதிவை மறுமுயற்சி செய்தால் இரண்டு டோக்கன் விழுமே? படிவம் திறக்கும்போதே உலாவி ஒரு தனி எண்ணை உருவாக்கி, ஒவ்வொரு முயற்சியிலும் அதையே அனுப்பட்டும். பொத்தானை அழுத்தும்போது உருவாக்கினால் இருமுறை அழுத்துபவருக்கு இரண்டு எண் வந்துவிடும். டேட்டாபேஸில் அந்த எண் திரும்ப வரக் கூடாது என்ற கட்டுப்பாட்டையும், மருத்துவர், தேதி, டோக்கன் எண் மூன்றும் சேர்ந்து திரும்ப வரக் கூடாது என்ற கட்டுப்பாட்டையும் வையுங்கள். நிரலில் சரிபார்ப்பது போதாது, இரண்டு நிகழ்வுகள் ஒரே மில்லி நொடியில் சரிபார்த்து இரண்டும் எழுதிவிடும்.

படி 9: சுமையை முன்னும் பின்னும் நகர்த்துங்கள்

எஸ்எம்எஸ், பிடிஎஃப் ரசீது, மின்னஞ்சல் எல்லாம் கிளவுட் டாஸ்க்ஸ் போன்ற வரிசைக்குப் போகட்டும். பதிலை அனுப்பிவிட்டுப் பின்னணி த்ரெட்டில் முடித்துக்கொள்ளலாம் என்று கிளவுட் ரன்னில் எண்ணாதீர்கள். இயல்பு அமைப்பில், கோரிக்கை எதுவும் நடக்காதபோது மையச்செயலி கிடைக்காது. த்ரெட் உறைந்து நிற்கும், எஸ்எம்எஸ் அடுத்த கோரிக்கை வரும்போது போகும், அல்லது போகாமலே இருக்கும்.

மருத்துவர் பட்டியலை 60 நொடி கேஷில் (தற்காலிகச் சேமிப்பில்) வைக்கலாம். மீதி டோக்கன் எண்ணிக்கையை 2 நொடி வைத்தாலே போதும். நொடிக்கு 500 பேர் கேட்டாலும் ஒரு நிகழ்வு 2 நொடிக்கு ஒருமுறைதான் டேட்டாபேஸைத் தொடும். கேஷ் காலாவதியான கணத்தில் எல்லோரும் சேர்ந்து ஓடாமல், ஒருவர் மட்டும் போய் எடுத்துவர மற்றவர் காத்திருக்கும்படி எழுதுங்கள். டோக்கன் கிடைத்ததா என்ற முடிவு மட்டும் எப்போதும் டேட்டாபேஸிலிருந்தே வர வேண்டும்.

நெரிசல் வரும் நேரம் முன்பே தெரிவது பெரிய வசதி. குறைந்தபட்ச நிகழ்வை 7.50க்கு 6 ஆக உயர்த்தி, 8.20க்கு 1 ஆக இறக்க ஒரு கால அட்டவணை வேலை எழுதுங்கள். நிகழ்வு எழும்போதே டேட்டாபேஸ் இணைப்புகளையும் திறந்துவைக்கட்டும்.

படி 10: உடைத்துப் பாருங்கள்

கே6 போன்ற சுமைச் சோதனைக் கருவியில் இரண்டு விதமாகச் சுமை ஏற்றலாம். 50 போலிப் பயனர்கள், ஒருவர் பதில் பெற்ற பிறகே அடுத்த கோரிக்கை அனுப்புவார் என்பது ஒன்று. சர்வர் மந்தமானால் சோதனையும் மந்தமாகி, நிலைமை பரவாயில்லை என்று காட்டும். எட்டு மணிக் கூட்டம் அப்படிக் காத்திருந்து வருவதில்லை. பதில் வந்தாலும் வராவிட்டாலும் நொடிக்கு இத்தனை என்று அனுப்பும் நிலையான வருகை வேக முறையைத் தேர்ந்தெடுங்கள்.

நொடிக்கு 20, 50, 100, 150, 200 என்று ஏற்றி, ஒவ்வொன்றிலும் 5 நிமிடம் நின்று, பி99ஐயும் பிழைகளையும் குறியுங்கள். ஒரு கட்டத்தில் பி99 திடீரென்று செங்குத்தாக எழும். அது 150இல் என்றால், மொத்த எல்லையை 105 அருகில் வையுங்கள். பிறகு 225ஐ அனுப்புங்கள். சரியாக அமைத்திருந்தால் ஏறத்தாழ 105 பேர் வழக்கமான வேகத்தில் முடிப்பார்கள், மற்றவருக்கு சில மில்லி நொடியில் மறுப்பு வரும். 504 வந்தால் எல்லை இன்னும் தளர்வாக இருக்கிறது. சுமையை நிறுத்தியபின் ஒரு நிமிடத்துக்குள் பி99 பழைய நிலைக்கு இறங்க வேண்டும். இறங்காவிட்டால் எங்கோ ஒரு வரிசையில் செத்த கோரிக்கைகள் கிடக்கின்றன, அல்லது மறுமுயற்சிகள் ஒன்றையொன்று ஊட்டி வளர்க்கின்றன.

சோதனையை வீட்டு வைஃபையிலிருந்து ஓட்டாதீர்கள், அதே பகுதியில் தனி சர்வர் ஒன்றிலிருந்து ஓட்டுங்கள். எஸ்எம்எஸ், பணம் செலுத்தும் சேவைகளுக்குப் பதில் 300 மில்லி நொடி தூங்கிவிட்டுச் சரி என்று சொல்லும் போலிச் சேவையை வையுங்கள். அதையே 10 நொடி தூங்கவைத்தும் ஒருமுறை சோதியுங்கள். பல செயலிகள் விழுவது அந்தச் சோதனையில்தான்.

பிறகு எச்சரிக்கை மணிகள் நான்கு: பி99 ஐந்து நிமிடம் தொடர்ந்து 1 நொடிக்கு மேல், இணைப்புக் காத்திருப்பு 100 மில்லி நொடிக்கு மேல், டேட்டாபேஸ் இணைப்புகள் எல்லையில் 80 சதவீதத்துக்கு மேல், 429 பெறும் தனிப் பயனர்களின் எண்ணிக்கை திடீரென உயர்வது. ஒரே பயனர் ஆயிரம் 429 பெற்றால் அது அநேகமாக ஒரு ஸ்கிரிப்ட், எல்லை தன் வேலையைச் செய்கிறது. ஆயிரம் பயனர்கள் ஆளுக்கு ஒன்று பெற்றால், படி 4இன் தாளை எடுத்து, படி 5இல் செய்ததுபோல் டேட்டாபேஸின் அளவிலிருந்து மறுபடி கணக்குப் போட வேண்டிய நாள் வந்துவிட்டது.